இரகசிய எண்ணின் விருத்தாந்தம்

நம் நாட்டில் 'பின்' என்ற ஒரே பெயரைத் தாங்கிக்கொண்டு இரண்டு எண்கள் உலவி வருகின்றன. கடித உறையின் மேல் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் நாம் எழுதுகிற ஆறு இலக்கப் பின்கோடு ஒன்று. ஏடிஎம் யந்திரத்தின் முன்னும், இப்போது கைப்பேசித் திரையிலும், விரலால் ஒற்றுகிற பின் நம்பர் மற்றொன்று. முன்னதை 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, சுதந்திரத்தின் வெள்ளிவிழா நாளன்று, தபால் இலாகா அமலுக்குக் கொண்டுவந்தது. அதை வகுத்தவர், மத்திய சர்க்காரின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர்பதவி வகித்தவரும் சம்ஸ்கிருதத்தில் கவிதைகள் இயற்றியவருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அந்த எண் ஊருக்கு உரியது. எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனைக்கத்தனை அதனால் பிரயோஜனம். பின்னதோ ஒரு மனிதனுக்கு மட்டுமே உரியது. கட்டின மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும்கூடச் சொல்லலாகாது என்று வங்கிக்காரர்கள் ஓயாமல் எச்சரிப்பது. அந்த இரண்டாவது எண் எங்கே பிறந்தது, யாருடைய கைகளைத் தாண்டி நம்முடைய கைப்பேசிச் செயலிகளுக்குள் வந்து அமர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூர்க் கடைத்தெருவில், மாதத்தின் முதல் வாரத்தில் ஓர் ஏடிஎம் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் தம்முடைய அட்டையை என்னிடம் நீட்டி, "தம்பி, ஒரு ரெண்டாயிரம் எடுத்துக் குடுங்க, நம்பரு அந்த உறையிலயே எழுதியிருக்கு, பேரன் எழுதிக் குடுத்தான்" என்றார். அட்டையின் காகித உறையில் நீல மையில், கொட்டை எழுத்தில், நான்கு இலக்கங்கள் இருந்தன. பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, என்னை வாழ்த்திவிட்டுப் போனார். முன்பின் அறியாத ஒருவனிடம் தம் உடைமை முழுவதையும் ஒப்படைத்த அந்த நம்பிக்கையை எண்ணி நெகிழ்ந்தேன் என்றாலும், அவருக்கென்று செய்யப்பட்ட பூட்டின் திறவுகோல் அவருடைய நெஞ்சில் இல்லாமல் ஊராருடைய கைகளில் சுழன்றுகொண்டிருந்ததே என்ற துக்கமும் அன்றுமுதல் என்னைவிட்டு நீங்கவில்லை.

ஆளை அறிந்துகொள்வதற்கு மனிதர்கள் கையாண்ட உபாயங்கள் பல. ரோமாபுரியின் படைப் பாசறைகளில், பொழுது சாய்வதற்கு முன்பு, அன்றைய இரவுக்குரிய அடையாளச் சொல்லை ஒரு மரப்பலகையில் எழுதிக் கடைசி அணியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அணியாகக் கைமாற்றித் தலைவனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்றும், பலகை ஒன்று திரும்பாவிட்டால் எந்த அணியிடம் தங்கிப்போயிற்று என்பது உடனே வெளிப்பட்டுவிடும் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அது கூட்டத்துக்குரிய இரகசியம். படைவீரன் ஒவ்வொருவனும் அறிந்தது. தனி மனிதனை அறிவதற்கு முகமும், கையெழுத்தும், எழுதத் தெரியாதவர்களுக்கு இடது கைப் பெருவிரல் ரேகையுமே நெடுங்காலம் ஆதாரமாய் இருந்தன. வங்கிக் குமாஸ்தா, மாதிரிக் கையெழுத்து இட்ட அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, காசோலையில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டு, நிமிர்ந்து முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு பணம் கொடுத்த காலத்தில், அந்தப் பார்வையே சரிபார்ப்பு. அந்தக் குமாஸ்தா வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் நம்முடைய கதை ஆரம்பிக்கிறது.

1960-களில் இங்கிலாந்தில், சனிக்கிழமைக் காலையில் வங்கிகள் திறந்திருக்க வேண்டுமா என்ற தகராறு முற்றிக்கொண்டிருந்தது. வாரக்கூலி வாங்கும் தொழிலாளிக்கு வங்கிக்குப் போக ஒழிந்த வேளை அது ஒன்றுதான். வங்கி ஊழியர்களோ அந்த வேளையைத் தங்களுக்கு ஓய்வாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். இரு தரப்பாரின் நியாயத்தையும் காப்பாற்றக்கூடிய யந்திரம் ஒன்றைத் தேடி ஏககாலத்தில் பல கம்பெனிகள் இறங்கின. 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி, வட லண்டனில் என்ஃபீல்டு என்னும் இடத்தில், பார்க்லேஸ் வங்கியின் சுவரில் பதித்த முதல் யந்திரத்திலிருந்து ரெக் வார்னி என்னும் ஹாஸ்ய நடிகர் பணம் எடுத்துக் காட்டினார். ஒன்பது நாட்களில் ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரில் வேறொரு யந்திரமும், ஜூலை 31-ஆம் தேதி லண்டனிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் மற்றொன்றும் திறந்துவைக்கப்பட்டன. ஐந்தே வாரங்களுக்குள் மூன்று!

என்ஃபீல்டு யந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன், 1925-இல் நம் நாட்டின் ஷில்லாங்கில் பிறந்தவர். தந்தை சிட்டகாங் துறைமுகத்தில் பிரதம இஞ்சினீயர். தாயார் விம்பிள்டனில் இரட்டையர் பட்டம் வென்ற டென்னிஸ் வீராங்கனை. ஒரு சனிக்கிழமை வங்கிக்கு ஒரு நிமிஷம் தாமதித்துச் சென்று பணம் எடுக்க முடியாமல் திரும்பியவர், அன்று குளியல் தொட்டியில் படுத்திருந்தபோது, காசு போட்டால் சாக்லேட் கொடுக்கிற யந்திரம் ஞாபகத்துக்கு வர, சாக்லேட்டுக்குப் பதில் ஏன் பணம் கொடுக்கக் கூடாது என்று எண்ணினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் இன்றுள்ள அட்டை கிடையாது. பத்து பவுன் மதிப்புள்ள காகிதச் சீட்டுகளை வங்கி முன்கூட்டியே கொடுத்துவிடும். அவற்றை யந்திரம் இனங்கண்டுகொள்வதற்காகக் கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருளை மிக அற்பமான அளவில் தோய்த்து வைத்திருந்தார்கள். அதனால் உடம்புக்குக் கெடுதல் நேர வேண்டுமானால் 1,36,000 சீட்டுகளைத் தின்றாக வேண்டும் என்று அவர் கணக்குச் சொல்லி ஜனங்களின் பயத்தைத் தெளிவித்தார்.

சீட்டு திருடு போனால்? அதற்காகத்தான் எண். தம்முடைய ராணுவ எண்ணை மறவாமல் வைத்திருந்த ஷெப்பர்டு-பாரன், ஆறு இலக்கங்கள் இருக்கட்டும் என்றே முதலில் தீர்மானித்தார். வீட்டில் சமையலறை மேஜையருகே இதைப் பிரஸ்தாபித்தபோது, மனைவி கரோலின், தம்மால் நான்கு இலக்கங்களுக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ள இயலாது என்று சொன்னதால் நான்காகக் குறைத்தாராம். இதை முதுமையில் அவர் சொன்ன சொல்லை வைத்துத்தான் அறிகிறோம். ஆயினும் எனக்கு அதில் ஒரு பெரிய உண்மை தென்படுகிறது. நான்கு இலக்கங்களால் ஆகக்கூடியவை பதினாயிரம் எண்கள்; ஆறினால் ஆகக்கூடியவை பத்து லட்சம். கள்ளனைத் தடுக்கும் பலத்தை நூற்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக, சாதாரண கிருகஸ்தர்கள் எழுதி வைக்காமல் மனத்தில் தாங்கக்கூடிய சுமையை அவர் தேர்ந்தெடுத்தார். பலத்துக்கும் ஞாபகத்துக்கும் இடையே அன்று செய்துகொண்ட அந்தச் சமரசத்தைத்தான் உலகம் அரை நூற்றாண்டாக அனுசரித்து வருகிறது.

இந்த எண்ணுக்கு முதன்முதலில் சட்டபூர்வமான உரிமை பெற்றவர் வேறொருவர். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் 1937-இல் பிறந்த ஜேம்ஸ் குட்ஃபெலோ, கிளாஸ்கோவில் ஒரு கம்பெனியில் இஞ்சினீயராக இருந்தபோது, 1965-இல் அவரிடம் பணம் தரும் யந்திரம் ஒன்றை வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. குரலாலும் விரல் ரேகையாலும் ஆளை அறிவதென்பது அக்காலத்து யந்திரங்களுக்கு எட்டாத காரியம். துளைகளிட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் துளைகளோடு கணித சம்பந்தம் உடையதும், ஆனால் அட்டையைப் பார்த்து அறிய முடியாததுமான ஓர் எண்ணை உடையவனிடம் தனியே சொல்லிவைத்து, இரண்டும் ஒரே வேளையில் கூடினால்தான் பணம் வெளிவரும்படி செய்யலாம் என்று அவர் கண்டுபிடித்தார். 1966-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதியிட்டு, அதாவது என்ஃபீல்டு யந்திரம் திறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, காப்புரிமைக்கு விண்ணப்பம் பதிவாயிற்று. கையில் உள்ளதும் நெஞ்சில் உள்ளதும் கூடினாலன்றிக் கதவு திறவாது என்ற அந்த ஏற்பாடு இன்றும் நம்முடைய எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் அஸ்திவாரமாக இருக்கிறது. அதற்காகக் குட்ஃபெலோவுக்குக் கிடைத்த சன்மானம் பத்து பவுன். அரசாங்க விருது வந்து சேர 2006-ஆம் ஆண்டு ஆயிற்று. கீர்த்தி பெரும்பாலும் மற்றவரைச் சென்றடைந்ததைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் சங்கடப்படுகிறது.

யந்திரங்கள் பெருகின. காந்தப் பட்டை ஒட்டிய அட்டைகள் வந்தன. 1972-இல் லாயிட்ஸ் வங்கி, ஐபிஎம் கம்பெனி செய்த யந்திரங்களைத் தலைமைக் கணிப்பொறியோடு கம்பி வழியாக இணைத்தது. அப்போது ஒரு புதிய சங்கடம் முளைத்தது. வாடிக்கையாளன் ஒற்றிய எண் சரியா தவறா என்று கணிப்பொறி சொல்ல வேண்டுமானால், சரியான எண் எங்கேயாவது இருந்தாக வேண்டும் அல்லவா? ஒரு பேரேட்டில் எல்லாருடைய எண்களையும் எழுதி வைத்தால், அந்தப் பேரேட்டைப் பார்க்கக்கூடிய ஊழியன் ஒருவனுடைய நேர்மையில் ஊரார் பணம் முழுவதும் தொங்கும். ஆகவே, சரிபார்க்கிறவன் தான் சரிபார்க்கும் பொருளை அறியாமலே சரிபார்க்க வேண்டும் என்ற விசித்திரமான நிபந்தனை எழுந்தது. இரகசிய எண்ணின் சரித்திரம் முழுவதையும் நான் இந்த ஒரு நிபந்தனையைத் தேடிய யாத்திரையாகவே பார்க்கிறேன்.

அந்த யாத்திரையில் முதல் பெரிய கட்டம், ஐபிஎம்மில் உருவாகி 1977-இல் அமெரிக்க அரசாங்கத்தின் பொது நியமமாக ஏற்கப்பட்ட மறைகுறி முறை. கணக்கு எண்ணை எடுத்து, வங்கிக்கு மட்டுமே உரிய ஒரு மறைச்சாவியால் அதைக் கலைத்துக் குழப்பினால், எண்களும் எழுத்துகளும் விரவிய ஒரு நீண்ட வரிசை கிடைக்கும்; எழுத்துகளை ஒரு சிறு அட்டவணைப்படி இலக்கங்களாக மாற்றி, முதல் நான்கை எடுத்துக்கொண்டால் அதுவே அந்தக் கணக்கின் இயற்கையான பின் நம்பர். வாடிக்கையாளன் தனக்குப் பிடித்த வேறொரு எண்ணை விரும்பினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த வித்தியாசம் கள்ளன் கையில் சிக்கினாலும், மறைச்சாவி இல்லாமல் அதைக்கொண்டு அவனால் ஒன்றும் செய்ய இயலாது. இவ்வாறு பேரேடு ஒழிந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணைப் புதிதாகச் சிருஷ்டித்துப் பார்த்து, ஒத்துப்போகிறதா என்று கண்டு, உடனே மறந்துவிடுவது வழக்கமாயிற்று.

அப்படியானால் மறைச்சாவியை எங்கே வைப்பது? எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முகமது அடல்லா என்னும் விஞ்ஞானி, அதற்கென்றே ஒரு பெட்டியைச் செய்தார். பெட்டிக்குள் கேள்வி போகும். ஆம், இல்லை என்ற விடை மட்டும் வெளியே வரும். சாவி ஒருபோதும் வெளிவராது. இவ்வகைப் பெட்டிகளை யாரேனும் உடைத்துத் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் சாவி தானாகவே அழிந்துவிடும்படியும் பிற்காலத்தில் ஏற்பாடு செய்தார்கள். மனிதனுடைய நேர்மையின் மேல் வைத்திருந்த பாரத்தை இறக்கி இரும்பின் மேல் ஏற்றியது போன்ற காரியம் இது. ஆனால் அந்த இரும்பிலும் விரிசல் இருந்தது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் பாண்ட், பியோத்ர் ஜீலின்ஸ்கி என்னும் இருவர், எழுத்துகளை இலக்கமாக்கும் அந்தச் சிறு அட்டவணையைத் தந்திரமாக மாற்றி மாற்றிப் பெட்டியிடம் கேள்வி கேட்டால், சராசரி பதினைந்து கேள்விகளிலேயே ஒருவருடைய பின் நம்பரை வங்கிக்குள் இருக்கும் கள்ளன் அறிந்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். 'ஆம், இல்லை' என்ற விடையும்கூட, கேட்கத் தெரிந்தவனிடம் இரகசியத்தைச் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது.

எண் பிறந்த பிறகு அதை உரியவனிடம் சேர்ப்பிப்பதும் ஒரு கலைதான். வங்கியிலிருந்து தபாலில் வந்த அந்தக் கறுப்பு அச்சு மூடிய உறை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மை நாடா பூட்டாத அச்சு யந்திரம் உறையின் வெளிப்புறத்தில் அழுத்துகையில், உள்ளே இருக்கும் கார்பன் பூச்சு எண்ணை உள்தாளில் மட்டும் பதியச் செய்யும். அச்சிட்டவனுக்குத் தெரியாது, உறையை எடுத்து வைத்தவனுக்குத் தெரியாது, விளக்கின் முன் பிடித்துப் பார்த்தாலும் கோடுகளின் நெரிசலில் ஒன்றும் புலப்படாது. ஓரத்தைக் கிழித்துத் திறப்பவன்தான் அதை முதன்முதலில் காணும் மனிதன். அட்டை ஒரு தபாலிலும் இந்த உறை வேறொரு தபாலிலும் வரும். இந்தியாவில் முதல் ஏடிஎம் 1987-இல் பம்பாயில் எச்எஸ்பிசி வங்கியால் நிறுவப்பட்டது என்றாலும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு இந்த உறைகள் வந்து சேர மேலும் பல வருஷங்கள் சென்றன. எனக்கு வந்த முதல் உறையை நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிரித்தது ஞாபகம் இருக்கிறது.

இங்கே ஒரு அநியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. எண் தவறாமல் ஒற்றப்பட்டிருக்கிறது, யந்திரம் பிழைசெய்யாது, ஆகையால் பணத்தை எடுத்தது நீயேதான் என்று வாடிக்கையாளனிடம் வாதிப்பது வங்கிகளுக்கு வழக்கமாயிற்று. 1980-இல் நியூயார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்றில் இத்தகைய வழக்கு ஒன்று வந்தபோது, யந்திரத்தின் சாட்சியத்தைவிட மனிதருடைய சாட்சியமே நம்பத்தக்கது என்று நீதிபதி தீர்ப்பளித்தார்; அமெரிக்காவில் சட்டமும் பெரும்பாலும் வாடிக்கையாளன் பக்கமே நின்றது. இங்கிலாந்திலோ நிலைமை வேறு. 1992-இல், தான் எடுக்காத பணம் தன் கணக்கில் குறைந்திருப்பதாகப் புகார் செய்த ஒரு போலீஸ்காரர்மீதே, பொய்ப் புகார் கொடுத்து மோசடி செய்ய முயன்றதாக வழக்குத் தொடுத்து, 1994-இல் குற்றவாளி என்று தீர்த்துவிட்டார்கள். அவருக்காக வாதாடியவர்கள் தரப்பில் நிபுணராக வந்தவரும் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானவருமான ராஸ் ஆண்டர்சன், கணிப்பொறியைப் பரிசோதிக்க அனுமதி கேட்டார், அனுமதி மறுக்கப்பட்டது, அவ்வாறு மறைத்து வைக்கப்பட்ட யந்திரத்தின் சாட்சியம் செல்லாது என்று மேல் நீதிமன்றம் கொள்ள, 1996-இல் அந்தப் போலீஸ்காரர் விடுதலை பெற்றார். நான்கு வருஷங்கள்! சரிபார்க்கும் யந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு ஒருவருக்கும் உரிமை இல்லை என்ற நிலைமை எவ்வளவு கொடியது என்பதற்கு அந்த நான்கு வருஷங்களே போதிய பிரமாணம்.

இதற்கிடையில், பிரான்சு தேசத்தில் ரோலாண்டு மோரெனோ என்பவர் 1974-இல் தொடங்கிப் பெற்ற காப்புரிமைகளால், பூட்டும் சரிபார்ப்பும் அட்டைக்குள்ளேயே குடிபுகுந்தன. அட்டையில் பதித்த சிறு சில்லு, ஒற்றிய எண்ணைத் தனக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கும். தவறுகளை எண்ணிக்கொண்டே வந்து, அளவு மீறினால் தன்னை அடைத்துக்கொள்ளும். 1992-க்குள் பிரெஞ்சு வங்கி அட்டைகள் அனைத்திலும் சில்லு ஏறிவிட்டது. கைப்பேசியின் சிம் அட்டையும் அதே குடும்பத்துக் குழந்தைதான். 1991-இல் பின்லாந்தில் முதல் சிம் அட்டைகள் வழங்கப்பட்ட காலந்தொட்டு, மூன்று முறை பிழையாக ஒற்றினால் அட்டை அடைபடும் என்பதும், அதைத் திறக்க எட்டு இலக்கங்கள் உள்ள வேறொரு எண் வேண்டும் என்பதும், அதையும் பத்து முறை பிழைத்தால் சிம் மீளாமல் மாண்டுபோகும் என்பதும் விதி. பதினாயிரத்தில் ஒன்று என்னும் பலவீனமான எண்ணுக்கு உயிர் கொடுத்தது இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான். மூன்றே முயற்சி அனுமதித்தால், குருட்டாம்போக்கில் ஒற்றுகிறவனுக்குப் பதினாயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்புதான் கிட்டும்.

கென்யாவில் 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய எம்-பெசா, வங்கியையே காணாத குடியானவர்களுக்கும் கைப்பேசியில் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்துப் பணம் அனுப்பச் செய்தது. அதே வருஷத்தில் ஐபோனும் வந்தது.

பூட்டும் சாவியும் நம் சட்டைப் பைக்குள் வந்த பிறகு, நாம் எப்படிப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது வெளிப்பட ஆரம்பித்தது. 2011-இல் டேனியல் அமிட்டே என்னும் நிபுணர், தம்முடைய செயலியில் ஜனங்கள் அமைத்த பூட்டு எண்களை, பெயர் குறிக்காமல், இரண்டு லட்சத்துக்கு மேல் சேகரித்துப் பார்த்தபோது, முதலில் நின்றது 1234; அடுத்தது 0000; மூன்றாவதாக வந்த 2580, விசைப்பலகையின் நடு வரிசையில் விரலை மேலிருந்து கீழே இழுத்தால் தானாக அமைகிற எண். அந்த விசைப்பலகைக்கும் ஒரு வம்சாவளி உண்டு: அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் கார்லின் என்னும் மனோதத்துவ நிபுணரின் குழு, பல அமைப்புகளை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்து, 1963-இல் விற்பனைக்கு வந்த தொலைபேசிக்காக 1, 2, 3 மேலே இருக்கும்படி வகுத்தது அது. 2012-இல் ஜோசப் பொன்னோ முதலியோர் செய்த ஆராய்ச்சி, நம்மில் கணிசமானோர் தேதிகளையும், அவர்களில் பலர் தம் பிறந்த நாளையுமே, நாடுகிறார்கள் என்று காட்டியது. பணப்பையில் பிறந்த தேதி குறித்த வேறொரு அட்டை இருக்குமே! ஆனாலும் ஜனங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஞாபகம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எண்ணைக் கொடுத்தவர்கள், அன்பானவர்களின் பிறந்த நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கக்கூடிய எண் எது என்று யோசிக்கவில்லை.

இப்போது கைப்பேசிச் செயலி ஒன்றுக்குப் பின் நம்பர் பூட்டு அமைக்கும் தொழில்காரரிடம் வருவோம். இத்தொழிலில் உள்ள இளைஞர்கள் சிலரோடு நான் நெடுநேரம் பேசியிருக்கிறேன். திரையில் நான்கு வட்டங்களை வரைந்து, ஒவ்வொரு இலக்கமும் ஒற்றப்பட ஒரு வட்டம் நிரம்பும்படி செய்வது அரைநாள் வேலை. எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் தொழிலின் சாரம் இருக்கிறது. அனுபவமில்லாதவன் அதை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒப்பிடுவான். கொஞ்சம் கற்றவன், திரும்பப் பிரிக்க முடியாதபடி அதை அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்வான். ஆனால் பதினாயிரம் எண்களையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்ப்பது கணிப்பொறிக்குக் கண்ணிமைப்பொழுது. அரைக்கும்போது ஆளுக்கு ஆள் மாறுபடும் ஒரு சேர்மானத்தைக் கலப்பதை ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-இல் விவரித்தார்கள். உப்பு என்றே அதற்குப் பெயர். உப்பிட்டும்கூட நான்கு இலக்கம் தாங்காது என்பதால், அரைப்பதையே வேண்டுமென்று தாமதப்படுத்தி, கைப்பேசிக்குள் பதித்த தனிச் சில்லிடம் சாவியைக் கொடுத்து, பிழைகளை எண்ணுகிற பொறுப்பையும் அதனிடமே ஒப்படைப்பதுதான் உத்தமமான வழி. ஐபோனில் ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லிசெகண்டு ஆகும்படி அளந்து வைத்திருக்கிறார்கள். சில பிழைகளுக்குப் பிறகு காத்திருக்கும் நேரம் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து நிமிஷம் என்று நீண்டுகொண்டே போகும். 2015-இல் ஐபோனைச் செய்யும் நிறுவனம் புதிய போன்களில் ஆறு இலக்கத்தை வழக்கமாக்கியபோது, ஷெப்பர்டு-பாரன் முதலில் எண்ணியது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. மறு வருஷமே, ஒரு கொலைகாரனின் போனைத் திறக்க அந்தத் தாமதங்களையும் கட்டுப்பாடுகளையும் நீக்கிக்கொடு என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை நீதிமன்றம் வரை போயிற்று. வேறொருவர் உதவியால் போன் திறக்கவே வழக்கு கைவிடப்பட்டது.

நம் நாட்டின் பங்கு இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் மும்பையில் தொடங்கி வைத்த யுபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறையில், எந்தக் கம்பெனியின் செயலியை நாம் உபயோகித்தாலும், கடைசியில் பின் நம்பரைக் கேட்கிற அந்த ஒரு பக்கம் செயலிக்குச் சொந்தமானது அன்று. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் செய்துகொடுத்த பக்கத்தைச் செயலி தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்; அந்தப் பக்கத்தில் நாம் ஒற்றும் நான்கு அல்லது ஆறு இலக்கங்களைச் செயலி காணாது; அவை போனிலேயே முத்திரையிடப்பட்டு, சரிபார்ப்புக்காக நம் கணக்குள்ள வங்கியைச் சென்றடையும். பக்கம் பக்கமாய் வர்ணம் தீட்டிப் போட்டி போடுகிற செயலிகள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஒரே முகத்தோடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குட்ஃபெலோவின் துளையிட்ட அட்டையிலிருந்து தொடங்கிய யாத்திரையில், கேட்கிறவன் அறியாமல் கேட்பது என்ற இலட்சியத்தை இவ்வளவு கோடி ஜனங்களின் அன்றாட வழக்கமாக்கிய ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாக நான் அறியேன். பணம் வாங்குவதற்கு இந்த எண் ஒருபோதும் தேவையில்லை என்னும் ஒரு விதியை மட்டும் ஊர்தோறும் இன்னும் உரக்கச் சொல்லியிருந்தால், பரிசுப்பணம் வருகிறது என்று நம்பி எண்ணை ஒற்றிச் சேமிப்பை இழந்த எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

சென்ற மாதம் அதே தஞ்சை ஜில்லாச் சிற்றூருக்குப் போயிருந்தேன். அந்த ஏடிஎம் இருந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. முன்பெல்லாம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். டீக்கடையில் கூடையோடு வந்த ஒரு நடுவயதுப் பெண், ஒட்டியிருந்த சதுரக் கட்டத்தைப் போனால் படம் பிடித்து, பதினைந்து ரூபாய் என்று போட்டு, எண் கேட்கும் பக்கம் வந்ததும், முந்தானையை எடுத்துத் திரையின்மேல் லேசாகக் கவித்துக்கொண்டார். கடைக்காரர் பால் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவர், ஒருவரும் சொல்லாமலே, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடையின் ஒலிப்பெட்டியிலிருந்து தொகை வந்த செய்தி குரலாய் ஒலித்த பிறகுதான் திரும்பினார்.